முழுக மறுத்த சில்லுகள்

கரண்டியக்கா என்றுதான் பட்டறையில் எல்லோரும் அவளைக் கூப்பிட்டார்கள். சமையல்கட்டுக் கரண்டியால் வந்த பெயர் அல்ல. வெல்டிங் கடையில் சொல்லிச் செய்த கரண்டி அது. ஆள் உயரக் காம்பு, முறம் அகலத் தலை, தலை நெடுக ஓட்டைகள். புதிதாக வந்தவர்களுக்கு அதைத் தூக்கவே இரண்டு கை போதாது. அவள் ஒரு கையால் தண்ணீரில் இழுத்துக்கொண்டே இன்னொரு கையால் தலைமுடியை ஒதுக்குவாள்.

பழைய பிளாஸ்டிக்கை அரைத்து விற்கும் பட்டறை அது. பாட்டில்களை மூடியோடு சேர்த்து அரவை மிஷினில் போட்டால் நகம் நகமாகச் சில்லுகள் கொட்டும். பாட்டில் ஒரு ரகம், மூடி இன்னொரு ரகம். கலந்து அனுப்பினால் வாங்குகிற கம்பெனி லாரியோடு திருப்பி அனுப்பிவிடும். கையால் பொறுக்கப் போனால் ஆயுசு போதாது. அதனால் தண்ணீர்த் தொட்டியில் கொட்டுவார்கள். மூடிச் சில்லுக்குத் தண்ணீரைவிட அடர்த்தி குறைவு, மிதக்கும். பாட்டில் சில்லுக்கு அடர்த்தி அதிகம், அடியில் போய் உட்காரும். மிதப்பதைக் கரண்டியால் வழித்து எடுக்கும் வேலையை ஏழு வருஷமாக அவள் செய்துவந்தாள்.

அதற்கு முன் மூன்று வருஷம் அரவை அறையில் இருந்தாள். அந்தத் தூசி நெஞ்சில் இறங்கி, மாடிப்படி ஏறினால் விசில் அடிப்பதுபோல் மூச்சு இழுத்தது. "திரும்ப அந்த ரூமுக்குள்ள போனீங்கன்னா நான் மாத்திரை எழுதறதே வேஸ்ட்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். தொட்டிதான் அவளுக்கு மூச்சு.

இப்போது அந்தத் தொட்டிக்குத்தான் ஆபத்து வந்திருந்தது.

மேஸ்திரி வேறு யாரும் இல்லை, அவள் கணவனின் தம்பி. வீட்டில் "அண்ணி, அண்ணி" என்று குழைகிறவர், பட்டறைக் கேட்டைத் தாண்டியதும் "இந்தாம்மா" என்பார். சொந்தக்காரி என்று சலுகை காட்டுவதாக யாரும் பேசிவிடக் கூடாதாம். அதனால் ஊருக்கெல்லாம் விழுகிற திட்டில் பாதி இவளுக்குத்தான்.

இரண்டு வாரம் முன்பு அவருக்கு ஒரு யோசனை உதித்தது. அதுவரை கழுவும் பகுதியில் மிஞ்சுகிற பழைய தண்ணீர்தான் ஒரு குழாய் வழியாகத் தொட்டிக்கு வரும். சாம்பல் நிறம், ஓரமெல்லாம் நுரை. "பார்க்கவே குமட்டுது. வெளியாள் வந்து பார்த்தா என்ன நினைப்பான்?" என்று சொல்லி அந்த வால்வை மூடினார். புதுக் குழாய் போட்டு நல்ல தண்ணீர் விட்டார். அடியில் கிடக்கும் சில்லை எண்ணலாம், அப்படி ஒரு தெளிவு. முதலாளி வந்து பார்த்துவிட்டு, "பரவாயில்லையே, நீச்சல் குளம் மாதிரி இருக்கே" என்றார். மேஸ்திரி அன்றைக்கு முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்தார்.

அடுத்த லோடு திரும்பி வந்தது. மூடிச் சில்லில் பாட்டில் சில்லு கலந்திருக்கிறதாம்.

"இந்தாம்மா, கண்ணு எங்க இருக்கு உனக்கு?"

"கண்ணு இருக்கற இடத்துலதான் இருக்கு. பாட்டில் சில்லு மிதக்குது மேஸ்திரி. மிதக்கறதை வழிச்சு எடுன்னா எடுக்கிறேன்."

"ஏழு வருஷமா முழுகினது இப்ப மட்டும் எப்படி மிதக்கும்? நீச்சல் கத்துக்கிச்சா?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன்."

கேட்டு என்ன பயன்? அவர் காதில் போட்டுக்கொண்டால்தானே. அவள் ஒரு பாட்டில் சில்லை விரலால் அமுக்கிக் காட்டினாள். கீழே போனது, போனதுதான், வரவே இல்லை. மூடிச் சில்லு ஒன்றை அமுக்கினாள். விரலை எடுத்ததும் துள்ளி மேலே வந்தது. "பாருங்க, இது நிஜமாவே மிதக்குது. அது மேல சும்மா படுத்துக்கிட்டு இருக்கு. முழுகத் தெரிஞ்சதுதான், முழுக மாட்டேங்குது" என்றாள்.

"சோம்பேறி சில்லுன்னு சொல்றியா? கலக்கி விடு" என்று போய்விட்டார்.

கலக்கினாள். கலக்கியபோது முழுகின. ஆனால் பத்து நிமிஷத்துக்கு ஒரு மூட்டை கொட்டுகிறார்கள். காய்ந்த சில்லு, அதுவும் பொடிப்பொடியானது, விழுந்த வேகத்தில் தண்ணீர் மேல் பாய் விரித்துப் படுத்துக்கொண்டது. நாள் முழுக்கக் கலக்கி அவள் தோள்பட்டை கழன்றுவிடும்போல் ஆனதுதான் மிச்சம்.

மூன்றாம் நாள் மத்தியானம் சாப்பாட்டுக்கு முன் கைக்குச் சோப்புப் போட்டாள். பக்கெட்டில் தண்ணீர் இல்லை. நுரைக் கையோடு தொட்டிக்குப் போய் விரல் நுனியை நனைத்தாள். மேலே படுத்திருந்த சில்லுகள் யாரோ விரட்டியதுபோல் விரலைச் சுற்றி விலகி ஓடின. ஓடிய வேகத்திலேயே ஒவ்வொன்றாகக் குட்டிக்கரணம் போட்டுக் கீழே இறங்கின. மூடிச் சில்லுகள் மட்டும் மேலேயே நின்றன.

சோறு அப்படியே ஆறிக்கொண்டிருந்தது. அவள் பழைய குழாயைத் திரும்பிப் பார்த்தாள். பாட்டில் கழுவிய சோப்புத் தண்ணீர் அதன் வழியாகத்தான் வந்துகொண்டிருந்தது.

நல்ல தண்ணீரின் மேல்பரப்பு இழுத்துக் கட்டிய துணி மாதிரி. தன்னைவிட அடர்த்தியான பொருளைக்கூட, அது சின்னதாக, காய்ந்ததாக இருந்தால் தாங்கிக்கொள்ளும். பள்ளிக்கூடப் புத்தகத்தில் இதைப் பரப்பு இழுவிசை என்பார்கள். சோப்பு அந்தத் துணியின் கட்டைத் தளர்த்திவிடும். கரண்டியக்காவுக்குப் புத்தகப் பெயர் தெரியாது. இத்தனை வருஷம் அழுக்குத் தண்ணீரில் இருந்த சோப்புதான் பாதி வேலையைச் செய்திருக்கிறது என்பது மட்டும் புரிந்துவிட்டது.

மேஸ்திரியிடம் ஓடினாள். அவர் கேட்டுவிட்டு, "முதலாளி வாயால நல்லாயிருக்குன்னு சொன்ன தண்ணியில சோப்பைக் கரைக்கச் சொல்றியா?" என்றார். அதோடு விட்டாரா? வீட்டில் மகனின் அறிவியல் புத்தகத்தைப் புரட்டியிருக்கிறார். மறுநாள் இரண்டு மூட்டை உப்போடு வந்தார்.

"உப்பு போட்டா தண்ணியோட அடர்த்தி மாறும். எல்லாம் சரியாயிடும்."

"மாறும். அடர்த்தி கூடினா இன்னும் அதிகமா மிதக்குமே தவிர முழுகுமா? நமக்கு முழுகணும் மேஸ்திரி."

"நீ படிச்சியா, நான் படிச்சேனா?"

படித்தது அவர் மகன் என்பதை அவள் சொல்லவில்லை. உப்பு கரைந்தது. பாட்டில் சில்லு படுத்த இடத்திலேயே படுத்திருந்தது. போதாக்குறைக்கு, அதுவரை ஒழுங்காக அடியில் கிடந்த உடைந்த பேனா, சீப்புத் துண்டெல்லாம் எழுந்து மேலே வந்தன. தண்ணீரைவிடக் கொஞ்சமே அடர்த்தி கூடிய சாமான்கள் அவை. உப்புத் தண்ணீர் அவற்றைத் தூக்கிவிட்டது. இரண்டாவது லோடும் திரும்பி வந்தது, முன்னதைவிட மோசமாக.

முதலாளி மேஸ்திரியைக் கூப்பிட்டுப் பேசினார். மேஸ்திரி வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "சனிக்கிழமை போற லோடும் வந்துச்சுன்னா உன்னை அரவை ரூமுக்கு மாத்தச் சொல்லிட்டாரு. நான் என்ன பண்ண முடியும்?"

"வால்வைத் திறக்க முடியும்."

அவர் இன்னும் உப்பு வாங்கப் போனார்.

அன்று வெள்ளிக்கிழமை. கேட்டில் அவர் வண்டிச் சத்தம் மறைந்ததும் கரண்டியக்கா தொட்டியின் அடைப்பைப் பிடுங்கினாள். மூட்டை கொட்டுகிறவள், "அக்கா, வந்து கத்துவாரு" என்றாள்.

"தினமும்தான் கத்துறாரு. இன்னிக்கு ஒரு காரணத்தோட கத்தட்டும்."

உப்புத் தண்ணீர் முழுக்க வடிந்தது. பழைய வால்வு துருப்பிடித்து அசைய மறுத்தது. கரண்டிக் காம்பை மாட்டி இரண்டு பேரும் தொங்கினார்கள். கரகரவென்று திறந்துகொண்டு சாம்பல் தண்ணீர் வந்தது. தொட்டி நிறைந்ததும் முதல் மூட்டையைக் கொட்டினார்கள். பாட்டில் சில்லுகள் ஒரு விநாடிகூட நிற்காமல் சரசரவென்று இறங்கின.

மேஸ்திரி உப்போடு உள்ளே வந்தபோது முதலாளியும் லோடு பார்க்கக் கூடவே வந்திருந்தார்.

"யாரைக் கேட்டு இதைப் பண்ணின?" என்று மேஸ்திரி ஆரம்பித்தார்.

"முதலாளி, ஒரு நிமிஷம் விரலைக் குடுங்க" என்றாள் அவள். ஒரு பக்கெட்டில் நல்ல தண்ணீர், இன்னொன்றில் தொட்டித் தண்ணீர் வைத்தாள். இரண்டிலும் ஒரு பிடி காய்ந்த சில்லைத் தூவினாள். நல்ல தண்ணீரில் எல்லாம் மேலேயே கிடந்தன. "இந்தப் பாட்டில் சில்லை அமுக்குங்க. திரும்பி வருதா பாருங்க."

முதலாளி அமுக்கினார். வரவில்லை. இன்னொன்று, இன்னொன்று என்று சின்னப் பிள்ளை மாதிரி பத்துப் பதினைந்தை அமுக்கினார். பிறகு தொட்டித் தண்ணீர் பக்கெட்டைப் பார்த்தார். அங்கே அமுக்க மூடிச் சில்லுகள் மட்டும்தான் இருந்தன.

"அப்ப அழுக்குத் தண்ணிதான் நல்ல தண்ணியா?"

"இந்த வேலைக்கு."

விரலை வேட்டியில் துடைத்துக்கொண்டு முதலாளி மேஸ்திரியிடம் சொன்னார்: "தொட்டியில இனிமே இந்தம்மா சொல்றதுதான். நீ குழாயைத் தொடாதே."

சனிக்கிழமை லோடு போனது. திங்கட்கிழமை வரை யாரும் எதையும் திருப்பி அனுப்பவில்லை. அரவை அறை பற்றிய பேச்சு அதோடு முடிந்தது.

திங்கட்கிழமை சாயங்காலம் மேஸ்திரி அவள் வீட்டுக்கு வந்தார். டீயை உறிஞ்சி முடித்தார்.

"அண்ணி."

"சொல்லுங்க தம்பி."

"என்ன இருந்தாலும், உப்பும் கொஞ்சம் வேலை செஞ்சிருக்கும்ல?"

கரண்டியக்கா அவரையே பார்த்தாள். பக்கத்தில் இருந்த கணவன் அவசரமாகச் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டான்.

"செஞ்சுது தம்பி" என்றாள். "டம்ளரைக் குடுங்க, கழுவணும்."