சங்கு ஊதிய பிறகு வந்த பேருந்து

சியோலோவுக்கு வாய்தான் எல்லாம். ஊர்ச் சபையில் பேச்சுத் தலைவர்; எழுந்து நின்றால் பொழுது சாய்ந்துவிடும். மற்ற நாட்களில் பேருந்து ஓட்டுவார். பசிபிக் தீவுகளின் விளையாட்டுப் போட்டி சமோவாவுக்கு வந்தபோது, கிரிபட்டி நாட்டுப் பளுதூக்கும் அணியை ஏற்றி இறக்கும் வேலை அவருக்குக் கிடைத்தது.

அன்று காரியம் கெட்டதும் அந்த வாயால்தான். விருந்தாளிகளைப் பேச்சில்லாமல் வழியனுப்பினால் ஊருக்கே அவமானமாம்! அணி தங்கியிருந்த விடுதி வாசலில், அவர் ஊர் மாதர் சங்கத்தார் அணிக்குப் பரிசளித்த மெல்லிய பாயைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் முழங்கினார். அணியில் தெரேதியா என்றொரு பெண். எடை பார்க்கும்வரை எடை கூடிவிடக் கூடாதென்று ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறரைக்குமேல் எடை பார்க்க மாட்டார்கள். ஒரு நிமிடம் பிந்தினாலும் நாலு வருட உழைப்பு மண்தான்.

பேருந்து சியோலோவின் ஊருக்குள் நுழைந்தபோது மணி ஆறு ஐந்து. அரங்கத்துக்கு இன்னும் பதினைந்து நிமிடம் போக வேண்டும். அப்போது பார்த்துச் சங்கு ஊதியது.

மாலை ஜெப நேரம். முடியும்வரை, அதாவது இருபது நிமிடம், சாலையில் ஈ காக்கை அசையக் கூடாது. காவலுக்கு நின்ற ஆண்கள் வழியை மறித்தார்கள். முன்னால் நின்றவன் புலேஃபானோ.

“சங்கு கேக்கலியா பெரியவரே?”

“கேட்டுச்சுப்பா. எவ்வளவு வேணா தண்டம் போடு. இந்தப் பொண்ண மட்டும் விட்டுடு.”

“அடேங்கப்பா! போன வருஷம் இதே எடத்துல என் வண்டிய மறிச்சது யாரு? பின்னாடி என் பொண்டாட்டி இடுப்பு வலில துடிச்சா. சட்டம்னா சட்டம்னு பிரசங்கம் வேற பண்ணீங்க. நடுரோட்டுல பெத்தாய்யா அவ!”

தெரேதியா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்து, “மாமா, ஓடியே போனா போய்ச் சேர்ந்துடலாமா?” என்று கேட்டாள். சியோலோவால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்தப் பாயை எடுத்துக்கொண்டு இறங்கினார். சட்டையைக் கழற்றிப் போட்டார். பாயைத் தலையோடு போர்த்திக்கொண்டு புலேஃபானோவின் காலடியில், இன்னும் சூடு ஆறாத தாரில் மண்டியிட்டார். கொலைகாரனின் குடும்பம் மன்னிப்புக் கேட்கிற முறை அது. ஒரு தலைவர் நடுரோட்டில் இப்படிக் குனிந்ததை ஊர் கண்டதே இல்லை. வீடுகளில் ஜெபப் பாட்டு நின்றது. பாயை விலக்கி மன்னிப்பதும் விலக்காமல் விடுவதும் இனி அவன் இஷ்டம்.

மணி ஆறு ஒன்பது.

“இன்னிக்கிப் பேச ஒண்ணுமில்லியா?”

“இல்லப்பா. தப்பு எம்மேலதான்.”

பாய் விலகியது. புலேஃபானோ கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

“எந்திரிங்க. மொதல்ல வண்டிய எடுங்க. டேய், வழிய விடுங்கடா!”

ஆறு இருபத்தொன்பதுக்குத் தெரேதியா எடை மேடையில் ஏறினாள். சியோலோ அரங்கத்துப் படியில் வெற்றுடம்போடு உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதார். ரோட்டில் பிறந்த அந்தக் குழந்தை ஆணா பெண்ணா என்றுகூட அவர் இதுவரை கேட்டதில்லை.