அரை டம்ளர் அபிஷேகப் பால்

எண்ணிச் சொல்கிறேன். உள்ளே நாலு பேர். கட்டிலில் இடது பக்கம் சாய்ந்து படுத்திருந்த என் வீட்டுக்காரர், குழாயைப் பிடித்திருந்த டாக்டரம்மா, நர்ஸ், நான். வழக்கமாக மனைவியை உள்ளே விட மாட்டார்களாம். இவர் என் கையை விடாததால் விட்டார்கள். கதவுக்கு வெளியே ஐந்தாவதாக என் தம்பி முருகன், குறிஞ்சிப்பாடியிலிருந்து துணைக்கு வந்தவன்.

தொண்டை மரத்துப்போக நர்ஸ் அடித்த மருந்தில் வாழைப்பழ வாசனை... இன்றைக்கும் நன்றாகக் கனிந்த பழத்தை உரித்தால் எனக்கு அந்த அறை ஞாபகம்தான் வரும்.

2008. சிதம்பரம்.

இவருக்கு அப்போது சிப்காட்டில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. நாலு மாதமாக மேல்வயிற்றில் எரிச்சல், வலி. இவருடைய அண்ணனுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. கேன்சர் என்று தெரிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அந்த வார்த்தையை நாங்கள் இருவரும் வீட்டில் சொல்லிக்கொள்ளவே இல்லை. ஆனால் இவர் சோற்றைப் பிசையும்போதெல்லாம் நான் அதைத்தான் நினைத்தேன்.

டாக்டரம்மா மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்த சின்ன வயதுக்காரர். வயிற்றுவலி என்று வருகிறவர்கள் வாயால் சொல்வதும், எண்டாஸ்கோப்பியில் உள்ளே தெரிவதும் எவ்வளவு தூரம் ஒத்துப்போகிறது என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். எங்களையும் அதில் சேர்த்துக்கொண்டார்.

நான் எட்டாவதோடு நின்றவள். மற்றதெல்லாம் மளிகை கட்டிவரும் பேப்பரைப் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டது. ஆனால் எதையும் எழுதி வைப்பேன். இவர் எத்தனை இட்லி சாப்பிட்டார், எத்தனை மணிக்கு வலித்தது என்று மூன்று மாதக் கணக்கும் ஒரு நோட்டில். அதைப் புரட்டிப் பார்த்து, "இவ்ளோ நல்லா யாருமே எழுதிக் குடுத்ததில்லம்மா" என்றார் டாக்டரம்மா. அன்று முழுக்க எனக்குக் கால் தரையில் இல்லை.

"முந்தின நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல ஒண்ணும் சாப்பிடக் கூடாது. தண்ணிகூட வேணாம்" என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

அப்படியே இருந்தோம். காலையில் முதல் பஸ். ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன்னால் கோயில். நடராஜரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும், பிரசாதமாகக் கிடைத்த அபிஷேகப் பாலில் விபூதியைக் கரைத்து அரை டம்ளர் இவருக்குக் கொடுத்தேன். கண்ணை மூடிக் குடித்தார்.

"ஏதாவது சாப்ட்டீங்களா?" என்று நர்ஸ் கேட்டபோது இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னோம்: "ஒண்ணும் சாப்புடலம்மா."

பொய் சொல்லவில்லை. விரதத்தன்றும் தீர்த்தம் குடிக்கிறோம். விரதம் கலைந்தது என்று யாராவது சொல்வார்களா?

குழாய் உள்ளே போனது. வயிற்றுக்குள் இருப்பதைக் காட்டும் டிவியில் டாக்டரம்மாவின் கண் நின்றுவிட்டது. "என்ன இது, வெள்ள வெள்ளையா... தயிர் மாதிரி?" உடனே குழாயை வெளியே எடுத்துவிட்டார். "வாந்தி வந்து நுரையீரலுக்குப் போயிருந்தா என்னாவறது? என்ன குடிச்சாரு?"

இவர் என்னைப் பார்த்தார். பிரசாதத்தைச் சாப்பாடு என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அப்புறம் அழுதுகொண்டே சொன்னேன்.

கதவிடுக்கில் தலையை நீட்டி முருகன் சொன்னான்: "யக்கா, நடராஜர உள்ளயே குடிவச்சிட்டியா? அவுரு ஆடுனா மாமா வயிறு தாங்குமா?"

நர்ஸ் சிரித்துவிட்டார். டாக்டரம்மா திட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, என் நோட்டைக் கையில் எடுத்துக்கொண்டு இவரிடம் கேட்டார்: "சரிங்க. சாப்பாடுன்னு நீங்க கணக்குல எடுத்துக்காதது வேற என்னென்ன உள்ள போவுது?"

மரத்த தொண்டையோடு இவர் இழுத்து இழுத்துச் சொன்னார். "கம்பெனில அந்த நாத்தத்துக்குத் தலவலி வரும்... மாத்திர போடுவேன். ஷிப்டுக்கு ரெண்டு. ஜாஸ்தி வலிச்சா மூணு."

"எத்தன நாளா?"

"ரெண்டு வருஷம் இருக்கும். அதெல்லாம் சாப்பாடா மேடம்?"

ஒவ்வொரு இட்லியையும் எழுதியவள் நான். அந்த மாத்திரை ஒன்றுகூட என் நோட்டில் இல்லை.

ஒரு வாரம் கழித்து மறுபடியும் வரச் சொன்னார்கள். "இனிமே அந்தக் கொழாய நீ முழுங்கு, நான் கைய புடிச்சிக்கறேன்" என்று இவர் பிடிவாதம். முருகன்தான் வழிக்குக் கொண்டுவந்தான். "மாமா, எங்கக்கா வக்கிற கொழம்பையே இத்தன வருஷமா முழுங்கிட்டீங்க..."

"போடா மச்சான்" என்று சொல்லிக்கொண்டே சட்டையை மாட்டினார்.

இந்த முறை நேரே ஆஸ்பத்திரி. வயிற்றில் புண் இருந்தது. அதிலிருந்து ஒரு துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பத்து நாள்... விளக்கேற்றும்போது என்ன வேண்டுவது என்றுகூடத் தெரியாத பத்து நாள்.

"கேன்சர் இல்லம்மா. மாத்திரையால வந்த புண்ணுதான், ஆறிடும்" என்றார் டாக்டரம்மா. தன் ஆராய்ச்சிக் கேள்வித்தாளின் அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்திருந்ததையும் காட்டினார். எங்களிடம் கேட்ட அதே கேள்வி.

அன்று கோயிலுக்குப் போய் நானும் இவரும் பால் குடித்தோம். அவ்வளவு ருசி.

இப்போது எல்லாம் போனில் வருகிறது. என்ன சாப்பிடக் கூடாது என்கிற பட்டியல், வயிற்றுக்குள் எடுத்த கலர் படம், ரிசல்ட், எல்லாம். நல்லதுதான். ஆனால் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து அப்படி ஒரு கேள்வி கேட்கிறவர்களை நான் அப்புறம் அதிகம் பார்க்கவில்லை.

இதை இன்றைக்கு ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் நம் செல்வி இதே குழுவில் எழுதியிருந்தாள். அவள் வீட்டுக்காரருக்கு மூன்று மாதமாக வயிற்றுவலி, குழாய்க்குப் பயந்து நாளைத் தள்ளிக்கொண்டே போகிறாராம்.

செல்வி, அவரிடம் அந்தக் கேள்வியைக் கேட்டாயா? டெஸ்டுக்கு என்றைக்குக் கூட்டிப் போகிறாய்? இரண்டுக்கும் நாளைக்குள் பதில் போடு.