சகலைமேல் ஓர் ஆட்சேபணை

புள்ளிக்காரர் என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். கடைகளுக்கு இணைய முகவரி பதிந்து கொடுப்பது அவர் தொழில். போனில் முகவரி சொல்லும்போதெல்லாம், "நடுவுல புள்ளி, புள்ளியை விட்டுடாதீங்க!" என்று கத்துவதால் வந்த பெயர் அது. பல் டாக்டர், தையல்கடைக்காரி, பூட்டு ரிப்பேர்காரர் என்று முந்நூறு பேருக்கு வருஷா வருஷம் அவர்தான் முகவரியைப் புதுப்பித்துத் தருவார்.

அவருடைய சகலையும் ஒருகாலத்தில் அதே தொழிலில், அதே மேசையின் மறுபக்கம் உட்கார்ந்திருந்தவர்தான். இப்போது பதிவுக் கட்டணத்தைத் தீர்மானிக்கும் குழுவில் உறுப்பினர். மாமனார் வீட்டில் சகலை நுழைந்தால் நல்ல நாற்காலி தேடுவார்கள். புள்ளிக்காரர் நுழைந்தால், "வைஃபை விட்டு விட்டு வருது, என்னன்னு பாருங்க மாப்பிள்ளை" என்பார்கள். அவர் குனிந்து ஒயரைப் பார்ப்பார். வயிறு எரியும்.

அந்தக் குழு கட்டணத்தை இரட்டிப்பாக்கப் போவதாக அறிவித்தது. ஆட்சேபணை இருப்பவர்கள் முப்பது நாளுக்குள் எழுதலாம். தையல்கடைக்காரி போன் செய்தாள். "அண்ணா, இந்த முகவரியையே விட்டுடவா? ஆனா பழைய ஆளுங்கல்லாம் இதை வச்சுதானே தேடி வர்றாங்க?"

முகவரிகளை நிர்வகித்து, கட்டணத்தில் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும் நிறுவனத்தின் ஆவணங்களைப் புள்ளிக்காரர் தோண்ட ஆரம்பித்தார். தையல்கடைக்காரிக்காக மட்டும் இல்லை. சகலை எங்கேயாவது சறுக்கியிருக்க மாட்டானா என்றுதான் தேடினார். மூன்றாம் நாள், பங்குதாரர் பட்டியலில் கொழுந்தியாள் பெயர் இருந்தது. விலை வைப்பவர் கணவர், லாபம் மனைவிக்கு. அந்தப் பக்கத்தை உடனே அச்சடித்துக்கொண்டார்.

"வேலியே பயிரை மேயுது, பாத்தியா?" என்று மனைவியிடம் நீட்டினார்.

அவள் நிதானமாகப் படித்தாள். "மேயுதுதான். ஆனா உங்க முகத்துல ஏன் இவ்வளவு சிரிப்பு? இது நியாயமா, வயித்தெரிச்சலா?"

"ரெண்டும்தான்."

"அப்ப ரெண்டையும் எழுதுங்க. அவர் மறைச்சாருன்னு சொல்ற நீங்க மறைக்கலாமா? என் தங்கச்சி ஆறு மாசம் என்கூடப் பேசமாட்டா. பரவாயில்ல."

'இந்த உறுப்பினர் என் சகலை. அவர்மேல் எனக்குப் பொறாமை உண்டு. அதைத் தள்ளிவைத்துவிட்டு ஆவணத்தைப் பாருங்கள்' என்றுதான் அவர் கடிதம் தொடங்கியது. வாடிக்கையாளர்கள் இருநூறு பேர் கீழே கையெழுத்துப் போட்டார்கள்.

குழுவின் கூட்டத்தில் அதை அவர் வாசித்தபோது முதலில் சிரித்தார்கள். பட்டியல் கைமாறியதும் சிரிப்பு நின்றது. கட்டண உயர்வும் நின்றது. சகலை எழுந்து, "முதல்லயே சொல்லியிருக்கணும். தப்பு என்னோடதுதான்" என்று பதவி விலகினார். உடனே நாலைந்து பேர் அவரைச் சூழ்ந்துகொண்டு, "என்ன பெரிய மனசு!" என்று கைகுலுக்கினார்கள்.

தோற்றாலும் கைகுலுக்கல் அவனுக்கேதானா என்று நினைத்தபடி புள்ளிக்காரர் வெளியே வந்தார்.

"வாங்க சகல, வீட்ல இறக்கி விடுறேன்" என்றார் சகலை.

"இல்ல, நான் பஸ்லயே போயிக்கிறேன்."

கார் கதவு மெத்தென்று சாத்திக்கொண்டது. சாத்தும் சத்தம்கூட இவ்வளவு அழகாகவா இருக்கும் என்று பொருமிக்கொண்டே அவர் நிறுத்தத்தை நோக்கி நடந்தார்.