குப்பம்மாளின் வலது கை

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் அவித்த மல்லாட்டை விற்றவள் குப்பம்மாள். பேருந்து வந்து நின்றதும் இடுப்பில் கூடையோடு ஓடி, வேர்க்கடலைப் பொட்டலத்தை ஜன்னலுக்கு உயர்த்துவாள். வலது கையால்தான் உயர்த்த வேண்டும். இடது கையால் நீட்டினால் எவனும் வாங்க மாட்டான். அதுவும் முதல் போணி என்றால் ஏசிவிட்டுப் போவான். அந்த வலது கையால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரிந்தது. இல்லை என்று யார் சொன்னாலும் நான் கேட்க மாட்டேன்.

எண்பத்தாறாம் வருஷம் அவளுடைய வலது மார்பில் கட்டி கண்டது. புதுச்சேரி ஆஸ்பத்திரியில் மார்பையே எடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டரம்மா அவளையும் புருஷன் பெரியசாமியையும் உட்கார வைத்துச் சொன்னார். தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்தால் தழும்பு தடித்து இறுகும், கை மேலே போகாது. பட்டணத்தில் சிலருக்கு ரப்பர் மாதிரி ஒரு பையை உள்ளே வைத்து மார்பு செய்கிறார்களாம். அங்கேயும் இதே பயம்தானாம். பையைச் சுற்றித் தழும்பு இறுகிக் கல்லாகிவிடுமாம்.

“பை எனக்கு எதுக்கும்மா? கை ஜன்னலுக்கு எட்டினா போதும்” என்றாள் குப்பம்மாள்.

“அப்போ இன்பெக்ஷன் மட்டும் கூடவே கூடாது.”

பெரியசாமி மண்டியில் மூட்டை தூக்குகிறவன். லாரிக்காரர்களோடு பழகியதில் நாலு இங்கிலீஷ் வார்த்தை தெரியும் என்று மிதப்பு. மறுநாள் ஊசி போட வந்த சுகாதார நர்ஸ் அம்மணியை வாசலிலேயே மறித்தான்.

“இன்ஜெக்ஷன் கூடவே கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. நீங்க போங்க.”

“அவங்கதான்யா என்னை அனுப்பினதே!”

“என் காதால கேட்டேன். எனக்கு இங்கிலீசு தெரியாதுன்னு நெனச்சிக்கினீங்களா?”

அம்மணி போய்விட்டாள். சில நாளில் தையல் சிவந்து வீங்கியது, சீழ் கண்டது, காய்ச்சல் கொதித்தது. பெரியசாமியே ஓடிப்போய் அம்மணியைக் கூட்டிவந்தான்.

“அவங்க சொன்ன வார்த்தையை அப்படியே சொல்லுய்யா.”

“இன்... இன்பெக்ஷன்.”

“அது சீழு பிடிக்கிறதுய்யா! அது வராம இருக்கத்தான் ஊசி!”

காய்ச்சலிலும் குப்பம்மாளுக்கு வாய் அடங்கவில்லை. “இங்கிலீசுக்காரரே, நல்லா இருக்குதுய்யா உன் இங்கிலீசு!”

ஊசியில் சீழ் வற்றியது. தழும்போ கயிறு மாதிரி தடித்துக்கொண்டது. கை தோளுக்கு மேல் ஏறவில்லை. கையை அசைத்தால் தையல் பிரிந்துவிடும் என்று அக்கம்பக்கத்தார் பயமுறுத்தினார்கள். அம்மணி, சுவரில் விரலை ஊன்றி மேலே நகர்த்தச் சொன்னாள். வலியில் பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் நகர்த்தினாள். விரல் எட்டிய இடத்தில் பெரியசாமி கரியால் கோடு போட்டான். ஒருநாள் அவள் முகம் வாடியதைப் பார்த்து, கோட்டைக் கொஞ்சம் மேலே தள்ளிப் போட்டான்.

“பொய்க்கோட்டைக் காட்டியா பஸ்ஸுல விப்பேன்? அழி.”

அழித்தான்.

மழைக்காலம் முடிந்ததும் கூடையோடு பேருந்து நிலையத்தில் போய் நின்றாள். விழுப்புரம் பேருந்து வந்தது. கையைத் தூக்கினாள். தழும்பு சுண்டி இழுத்தது. பொட்டலம் ஜன்னலுக்கு ஒரு சாண் கீழே நின்றுவிட்டது.

“இன்னும் மேல தூக்கும்மா” என்றார் உள்ளே இருந்தவர்.

“இதுக்கு மேல வராது சாமி. நீ கொஞ்சம் குனி.”

அவர் ஜன்னலுக்கு வெளியே கையை விட்டு வாங்கிக்கொண்டார். குப்பம்மாள் அடுத்த ஜன்னலுக்கு நகர்ந்தாள்.