அந்துருண்டை வாசம் அடித்த கேமரா

கடலூரில் ஒரு பள்ளியில் நான் விலங்கியல் டீச்சர். பாடப்புத்தகத்தில் இருக்கும் மீன்கொத்திப் படத்தைக் காட்டிப் பாடம் நடத்தும்போதெல்லாம், கெடிலம் ஆற்றுப் பாலத்துக் கம்பியில் உட்கார்ந்திருக்கும் நிஜ மீன்கொத்தியை நாமே படம் எடுத்துக் காட்டினால் என்ன என்று தோன்றும். செல்போனில் எடுத்தால் அது ஒரு நீலப் புள்ளியாகத்தான் விழும். வீட்டில் இதைப் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், எங்கள் கல்யாண நாளன்று என் வீட்டுக்காரர் ஒரு பெட்டியைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தார். உள்ளே லென்ஸ் மாட்டும் டிஜிட்டல் கேமரா.

அவர் குடிகாட்டுப் பக்கம் ஒரு ரசாயனத் தொழிற்சாலையில் பாதுகாப்புப் பிரிவில் வேலை பார்க்கிறார். தீயணைப்பு சிலிண்டர்களில் அழுத்தம் சரியாக இருக்கிறதா, முகமூடியில் ஓட்டை விழுந்திருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துப் பழகிய கண். வீட்டு கேஸ் டியூபைக்கூட மாதத்துக்கு ஒருமுறை சோப்பு நுரை தடவிச் சோதிப்பார். அப்படிப்பட்டவர் கேமராவை என் கையில் கொடுப்பதற்கு முன்னால் கூடவே வந்த புத்தகத்தை முழுசாகப் படித்தார். பென்சிலால் அடிக்கோடு வேறு. இரண்டு நாள் ஆயிற்று. நான் பெட்டியைப் பார்த்துக்கொண்டே சமைத்தேன்.

மூன்றாம் நாள் எனக்கு வகுப்பு. முதலில் வாரைக் கழுத்தில் மாட்ட வேண்டும், அப்புறம்தான் கேமராவைக் கையில் எடுக்க வேண்டும். லென்ஸைச் சூரியனுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது. சிவப்பு விளக்கு மினுக்கும்போது மெமரி கார்டைப் பிடுங்கக் கூடாது. சார்ஜ் போடுவது தரையில்தான், மெத்தை மேல் கிடையாது. எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். அன்று சாயங்காலமே லென்ஸில் தூசி தெரிகிறதென்று முந்தானையால் அழுத்தித் துடைத்துவிட்டேன். அவர் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே பாவமாகிவிட்டது. மறுநாள் காற்று அடிக்கும் ரப்பர் பந்து ஒன்றும் மெல்லிய துணி ஒன்றும் வாங்கி வந்து, முதலில் ஊதித் தூசியைப் போக்கிவிட்டுத்தான் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மணல் கண்ணாடியைக் கீறிவிடும் என்று செய்து காட்டினார். திட்டவில்லை. அவருக்குத் திட்டவே வராது.

என் அலட்சியம் அத்தோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அண்ணாகிராமத்தில் என் சித்தப்பா மகள் வீட்டுப் புதுமனை புகுவிழா. கேமராவை எடுத்துக்கொண்டு பஸ்ஸில் கிளம்பினோம். உபரி பேட்டரி ஒன்றை என் கைப்பையில் போட்டிருந்தேன். அதன் பிளாஸ்டிக் மூடி எங்கேயோ தொலைந்திருந்தது. சின்னப் பொருள்தானே என்று, சாவிக்கொத்தும் புடவை ஊக்குகளும் கிடக்கும் அறையிலேயே போட்டுவிட்டேன். பண்ருட்டி தாண்டியதும் இடுப்புப் பக்கம் சூடு தெரிந்தது. வெயில் என்று நினைத்தேன். பைக்குள் கையை விட்டதும் சுரீரென்றது. ஒரு ஊக்கு பேட்டரியின் முனைகளுக்குக் குறுக்கே சரியாகப் போய் உட்கார்ந்திருந்தது.

அவர் பையை வாங்கிப் பார்த்தார். கைக்குட்டையைச் சுற்றி ஊக்கைத் தள்ளினார், பேட்டரியை எடுத்தார். எழுந்து கண்டக்டரிடம் வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கி, ரோட்டோரம் புல் இல்லாத இடமாகப் பார்த்து அதை மண் தரையில் வைத்தார். நானும் பின்னாலேயே இறங்கினேன். பஸ் போய்விட்டது. பத்தடி தள்ளி இரண்டு பேரும் நின்று, முந்திரித் தோப்புக்கு எதிரே ஒரு பேட்டரிக்குக் காவல் இருந்தோம். அந்த வழியாக சைக்கிளில் வந்த பெரியவர் ஒருவர், என்ன தொலைத்துவிட்டீர்கள் என்று கேட்டுவிட்டுப் போனார். ரொம்ப நேரம் கழித்து, புகையவில்லை, வீங்கவில்லை, சூடும் ஆறிவிட்டது என்று உறுதியான பிறகுதான் அவர் என் பக்கம் திரும்பினார்.

"கையக் காட்டு. சுட்டுச்சா?"

அவ்வளவுதான் கேட்டார். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது விழா முடிந்திருந்தது, பந்தியில் கடைசி வரிசையில் சாப்பிட்டோம். அந்த பேட்டரியை அவர் மறுபடி உபயோகிக்க விடவில்லை. முனைகளில் டேப் ஒட்டி, பழைய பேட்டரி எடுத்துக்கொள்ளும் கடையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகு எனக்குக் கேமரா மேல் பயம் வந்துவிட்டது. அவர் அவ்வளவு பார்த்துப் பார்த்து வைத்திருக்கும் பொருளை நாம் கெடுத்துவிடுவோம் என்ற பயம். ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது, புயல் வருகிறதென்று வேறு சொன்னார்கள். கேமராவை அதன் தோல் பையில் போட்டு, மேலே ஒரு துண்டைச் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு நடுவே வைத்து, பூச்சி வரக் கூடாதென்று நாலு அந்துருண்டையும் போட்டுப் பூட்டினேன். கேமரா எங்கே என்று கேட்டார். பத்திரமாக வைத்துவிட்டேன் என்றேன். சந்தோஷப்பட்டார். மழை போனது, பொங்கல் போனது, அதை வெளியே எடுக்க எனக்கு மனசு வரவில்லை.

பங்குனியில்தான் எடுத்தேன். பையைத் திறந்ததும் புடவை வாசம், அந்துருண்டை வாசம். கையால் பிடிக்கும் ரப்பர் பிசுபிசுவென்று ஒட்டியது. லென்ஸை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே சிலந்திவலை மாதிரி வெள்ளை நூல்கள். ஊதினேன், துடைத்தேன், போகவில்லை. அது கண்ணாடிக்கு உள்ளே இருந்தது. இரண்டு நாள் அவரிடம் சொல்லவில்லை. மூன்றாம் நாள் அவர் சாப்பிட்டுக் கை கழுவிய பிறகு கொண்டுபோய்க் கொடுத்தேன். ஜன்னலோரம் நின்று டார்ச் அடித்து ரொம்ப நேரம் பார்த்தார். சனிக்கிழமை சிதம்பரம் போகலாம், அங்கே ஒருத்தர் லென்ஸ் பிரித்துச் சுத்தம் செய்கிறாராம் என்று மட்டும் சொன்னார்.

மேல வீதியில் மாடியில் சின்ன அறை. ரிப்பேர் செய்பவர் ஒரு பாய், ஐம்பது வயதிருக்கும். லென்ஸைக் கண்ணருகே வைத்துப் பார்த்ததுமே பூஞ்சை என்று சொல்லிவிட்டார். எங்கே வைத்திருந்தீர்கள் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார்.

"நான்தான் பீரோல வைக்கச் சொன்னேன். ஈரம் கோத்துக்கும்னு எனக்குத் தோணல."

வேலையில் ஒரு சிலிண்டரைச் சோதிக்காமல் சோதித்ததாகக் கையெழுத்துப் போடாத மனுஷர். எனக்காக, முன்பின் தெரியாத ஒருத்தரிடம் பொய் சொல்லிக்கொண்டு நிற்கிறார்.

"இல்ல பாய், இவரு சொல்லல. தோல் பையில போட்டு, அந்துருண்டை வெச்சுப் பூட்டுனது நான்" என்றேன்.

பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்தார். பூஞ்சைக்கு அந்துருண்டை காரணமில்லை, அதன் ஆவி ரப்பரைத்தான் கெடுக்கும் என்றார். தோல் பை ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும், இருட்டு, காற்றோட்டமும் இல்லை, கடலோர ஊர் வேறு. மத்தியானத்துக்கு மேல் வரச் சொன்னார்.

அதுவரை வீதியைச் சுற்றினோம். ஓட்டலில் இட்லிக்கு கொத்சு ஊற்றிச் சாப்பிட்டோம். எதற்காக அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். முதலில் மழுப்பினார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். இத்தனை வருஷமாக நான் கேட்ட ஒரே பொருள் அது. அதற்கு ஏதாவது ஆனால் நான் வருத்தப்படுவேனே என்றுதான் அவ்வளவு விதி போட்டாராம். கடைசியில் அந்த விதிகளே என்னைப் பயமுறுத்திவிட்டதே என்று இரண்டு நாளாக அவருக்கு உறுத்தலாக இருந்ததாம். கொத்சு தீர்ந்துபோய் இன்னொரு கிண்ணம் கேட்டு வாங்கினேன்.

பாய் முக்கால்வாசியைச் சரிசெய்திருந்தார். ஓரத்தில் ஒரு நூல் மட்டும் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிட்டதாம், அது போகாது, படத்தில் தெரியாது என்றார். காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலங்கள் போட்டு வைக்கச் சொன்னார். கேமராவைக் கொடுக்கும்போது, "டப்பாவவிட முக்கியம், அடிக்கடி வெளிய எடுங்கம்மா. எடுக்காம வெச்சா ஜாஸ்தி கெடும்" என்றார்.

அங்கிருந்து நேரே பிச்சாவரத்துக்கு பஸ் ஏறினோம். அவர்தான் போகலாம் என்றார். ஆரஞ்சு மிதவைச் சட்டை மாட்டிக்கொண்டு துடுப்புப் படகில் உட்கார்ந்தோம். வாரைக் கழுத்தில் மாட்டினேன். அலையாத்திக் கிளையில் ஒரு மீன்கொத்தி அசையாமல் இருந்தது. படகுக்காரர் துடுப்பை நிறுத்தினார். ஆறு படம் எடுத்தேன், அதில் இரண்டு தெளிவு. இப்போது அவை என் வகுப்புச் சுவரில் இருக்கின்றன.

திரும்பும்போது, நீங்களும் ஒன்று எடுங்கள் என்று நீட்டினேன். வேண்டாம் என்றார். பிறகு வாங்கி, வாரைத் தன் கழுத்தில் மாட்டி, இழுத்துப் பார்த்து, என்னைப் படம் எடுத்தார். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டிருக்கிறேன், உச்சந்தலை வெட்டுப்பட்டுவிட்டது. அழித்துவிடவா என்று கேட்டார். வேண்டாம் என்று கேமராவை வாங்கிக்கொண்டேன்.