பாடையில் வந்த சிரிப்பு

எண்பதுகளில் நான் குன்னூர் பக்கம் ஒரு எஸ்டேட் ஃபேக்டரியில் வேலை பார்த்தேன். சீசன் வந்தால் எங்கள் மலையில் எங்கு பார்த்தாலும் சினிமா ஷூட்டிங்தான். கூட்டத்தில் நிற்க உள்ளூர்க்காரர்களைக் கூப்பிடுவார்கள். நானும் லீவு போட்டுவிட்டு ஓடுவேன். எனக்குக் கிடைத்ததோ ஒரே வேஷம். பிணம்!

மெட்ராஸிலிருந்து வருகிறவர்கள் ஈரப் புல்லில் படுத்ததும் நடுங்குவார்கள், மூச்சு புகையாக வெளியே வரும். செத்தவன் மூக்கில் புகை வந்தால் யார் நம்புவார்கள்? நான் மூச்சை அடக்கிக்கொண்டு கட்டைபோலக் கிடப்பேன். அவ்வளவுதான், "கூப்பிடு அந்த டெட்பாடியை" என்பதே என் பெயராகிவிட்டது. ஒரு படத்திலாவது கண்ணைத் திறந்துகொண்டு வரமாட்டோமா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

என் மனைவிக்கு இது அறவே பிடிக்காது. என் படம் ஒன்றைக்கூட அவள் பார்த்ததில்லை. ஒருநாள் எனக்கு மாலை போட்டுப் பாடையில் கிடத்தியிருந்த நேரம் பார்த்து, சோற்றுப் போசியோடு வந்து நின்றுவிட்டாள்.

பிணமாக நடித்தவரை ஷாட் முடிந்ததும் சிரிக்கச் சொல்லி, அதையும் கேமராவில் எடுப்பது சினிமாக்காரர்கள் வழக்கம். திருஷ்டி கழியுமாம். நான் எப்போதும் பல்லைக் காட்டிவிட்டு எழுந்து போய்விடுவேன். அன்று அவள் விடவில்லை.

"ஏனுங்க, இதொரு சிரிப்பாங்க? ஊட்டுல உப்புப் பத்தலீன்னா அந்தக் கத்துக் கத்துறீங்க, இங்க சிரிக்க வாய் வரலீங்களா? நல்லாச் சிரிங்க, என்ற தாலி கெட்டியா நிக்கோணும்!" என்று கண்ணில் நீரோடு அதட்டினாள்.

பாடையில் உட்கார்ந்தபடியே எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது பாருங்கள்! அடக்கவே முடியவில்லை. கேமராக்காரர் சிரித்தார், கடைசியில் டைரக்டரே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். "யோவ், இந்த மனுஷனைப் போயா இத்தனை நாளா படுக்க வெச்சீங்க?" என்று உதவியாளரைத் திட்டினார்.

அடுத்த படத்துக்கு மலையேறி வந்தபோது அவரே ஆளனுப்பி, மஞ்சூர் பஸ்ஸின் கண்டக்டர் வேஷம் தந்தார். வசனமும் உண்டு! "ஏறுங்க, ஏறுங்க, கடைசி பஸ்ஸுங்க!"

படம் குன்னூருக்கு வந்த அன்று எனக்கு முந்தியே புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றவள் அவள்தான். திரையில் நான் வாயைத் திறந்ததும், "அதா பாருங்க, உசுரோட வர்றாரு!" என்று எழுந்து கத்தினாளே, தியேட்டரே திரும்பிப் பார்த்தது! எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது, சந்தோஷத்திலோ தலைகால் புரியவில்லை.

அதன்பிறகு? எந்தக் கம்பெனி வந்தாலும் எனக்குக் கண்டக்டர் வேஷம்தான், கிட்டத்தட்ட அதே வசனம்தான். அவள் ஒரு படத்தையும் விட்டதில்லை. ஒரே வேஷம் என்று நடிகர்கள் சலித்துக்கொள்வதைப் படிக்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன், வீட்டுக்காரி பயமில்லாமல் வந்து உட்கார்ந்து பார்க்கிற வேஷமாக இருந்தால் அதை ஆயுசுக்கும் போடலாம்.