பேச்சி வீட்டுச் சுவரில் நான் எழுதாத வரி

நான் எழுத்துக் கூட்டிப் படிக்கப் பழகி எட்டு மாதம் ஆகிறது. போன வியாழக்கிழமை என் தங்கை பேச்சி போனில் கூப்பிட்டாள். கம்பத்துக்குக் கிழக்கே மலையடியில் அவள் ஊர். திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய குன்றில் கல்குவாரி வரப்போகிறது. ஊரே சம்மதித்ததாக ஒரு தாள் இருக்கிறதாம்.

"நாளைக்கு பதினோரு மணிக்கு விசாரிக்க ஆபீசர் வாராக. நம்ம செவுத்துல எழுதணும்ண்ணே. நீங்கதான் படிச்ச ஆளாயிட்டீகளே!"

எழுபத்தொரு வயதில் என்னை ஒருவர் எழுதக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை. தூக்கம் வருமா?

என் ஊர் ஜெயமங்கலத்தில் காலை 5.10 பஸ், தேனிக்கு 15 ரூபாய். அங்கிருந்து கம்பம் 40 கிலோமீட்டர், ஒன்றே கால் மணி நேரம், 36 ரூபாய். வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் என்று ஒரு போர்டையும் விடாமல் படித்துக்கொண்டே போனேன். நடுவில் என் வரியையும் நோட்டில் எழுதிப் பார்த்தேன்: 'எங்கள் குன்றை உடைக்காதே.'

கம்பத்தில் ஷேர் ஆட்டோ, 20 ரூபாய். டிரைவர் சிரித்தார். "தெருவப் பாத்து பயந்துராதீக ஐயா."

இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டேன். வீட்டுக்கு வீடு வெள்ளைச் சுவரில், கதவு உயரத்துக்குக் கறுப்பாக ஒரு பெருவிரல் ரேகை. நடுவில் சிவப்பாக ஒரு ஓட்டை, குன்றில் வெட்டின குழி மாதிரி. தெரு முழுக்க எழுத்தே இல்லை. கையெழுத்துக்குப் பதில் அறுபது வருடம் நானும் அந்த விரலைத்தானே வைத்தேன்!

பேச்சியின் சுவர் மட்டும் காலி. "குடிதண்ணிக் குழாய்க்குன்னு சொல்லித்தான் அந்தத் தாள்ல கைநாட்டு வாங்குனாகண்ணே. மொதல்ல வச்சவ நான். என்னையப் பாத்துத்தான் மத்தவுகளும் வச்சாக. எந்த மொகத்தோட நானும் வரைவேன்?"

நோட்டை மூடினேன். "கைய நீட்டு ஆத்தா."

"எழுதலையா? நீங்களும் படிச்சு வீணாப் போனீகளே!"

அவள் விரலைப் பார்த்துப் பார்த்து ஒன்பதரைக்குள் வரைந்து முடித்தேன். சிவப்பை அவளே வைத்தாள்.

அதிகாரி ஒவ்வொரு சுவராகப் பார்த்துக்கொண்டு தெருவில் நடந்து வந்தார். பெயிண்ட் இன்னும் காயாத பேச்சி வீட்டுச் சுவருக்கு முன்னால் நின்றார். "இது யாரோடது?"

"என்னோடதுதான் சார். குழாய்க்குன்னு வச்சது" என்றாள் பேச்சி.

அவர் அங்கேயே உட்கார்ந்து அந்தத் தாளை எடுத்தார். அதில் இருப்பதை முதல் தடவையாக ஊருக்கு வாசித்துக் காட்டினார். குவாரி என்ற சொல் வந்ததும் தெருவே கத்தியது. ஒவ்வொருவர் சொன்னதையும் எழுதிக்கொண்டு போனார். முடிவு இன்னும் வரவில்லை.

அந்தத் தெருவைப் பார்க்கப் போகிறவர்கள் வெயிலுக்கு முன் போய்விடுங்கள். மதியம் ஷேர் ஆட்டோ கிடைக்காது. சுவரைத் தொட்டுப் பார்க்காதீர்கள், பெயிண்ட் லேசில் போகாது. கையைக் கழுவ எனக்கு மண்ணெண்ணெய் வேண்டியிருந்தது.

என் வரி நோட்டில் அப்படியே இருக்கிறது. பிழையே இல்லை. ஆனால் அதைச் சுவரில் படித்திருந்தால், இன்னொரு கோஷம் என்று அந்த மனிதர் நின்றிருக்க மாட்டார்.